இறங்காத எலுமிச்சை சாதம்

டீயைக் குடித்த பத்தாவது நிமிஷம், நாற்காலியோடு சரிந்தார் கிருஷ்ணமூர்த்தி!

வாயில் நுரை. கண்கள் செருகி... அவ்வளவுதான்!

டீ போட்டுக் கொடுத்தவன் அவருடைய சொந்தத் தம்பி கோகுலகிருஷ்ணன். முந்திரித் தோப்புக்காக அண்ணனோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன்.

கேஸ் அரைநாளில் முடிந்துவிடும் என்று நினைத்தார் இன்ஸ்பெக்டர் வெற்றிச்செல்வி.

மூன்று நாளாகியும் முடியவில்லை.

"டம்ளர்ல விஷமே இல்லியாம். எதுலய்யா கலந்த?"

"மேடம், எத்தன தடவ கேட்டாலும் இதான்! தோப்புல பாதிய எழுதித் தரேன்னு சொல்ல அண்ணனே மூணு மணிக்கு எங்க வூட்டுக்கு வந்தாரு. நான் ஏன் கொல்லணும்?"

"அவர் அப்படிச் சொன்னதுக்குச் சாட்சி?"

"சொன்னவருதான் செத்துட்டாரே!"

வெற்றிச்செல்வி ஃபைலைத் தூக்கி மேஜைமேல் அடித்தார். ஜெயங்கொண்டம் ஸ்டேஷனே அதிர்ந்தது.

அவனை விட்டால் வேறு ஆளில்லை. கிருஷ்ணமூர்த்தியின் மனைவி புஷ்பவல்லி காலை ஏழரைக்கே பஸ் ஏறிக் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். பார்த்தவர்கள் இருநூறு பேர்!

போன் அலறியது. அரியலூரிலிருந்து போஸ்ட்மார்ட்டம் டாக்டர் லாவண்யா.

"மேடம், காலைல அவர் என்ன சாப்பிட்டாரு?"

"எலுமிச்சை சாதம். ஏழு மணிக்கு. அது எப்பவோ செரிச்சிருக்குமே டாக்டர்!"

"செரிக்கல. வயித்துக்கே சரியா போகல!"

"என்னது...?"

"தொண்டைலேர்ந்து இரைப்பைக்குப் போற உணவுக்குழாய் இருக்குல்ல... அதோட அடியில ஒரு வால்வு. முழுங்கினா தானா திறக்கணும். இவருக்குத் திறக்கல. அக்கலேசியான்னு ஒரு நோய். குழாயே பை மாதிரி ஊதிப் போயிருக்கு. அதுக்குள்ள கடுகு, வேர்க்கடலையோட சாதம் அப்படியே கிடக்கு. கூடவே பூச்சி மருந்து!"

"எட்டு மணி நேரமாவா?"

"ஆமா. மருந்து துளித்துளியாத்தான் இறங்கியிருக்கும். சூடா டீ குடிச்சதும் வால்வு தளர்ந்து, மருந்துல பெரும்பகுதி குபுக்குனு வயித்துக்குப் போயிருக்கு. டீ வெறும் டீதான் மேடம்!"

ஜீப் பறந்தது.

புஷ்பவல்லி அழுது வீங்கிய கண்களோடு கதவைத் திறந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்குறதுல ஏதாச்சும் தொந்தரவு உண்டாம்மா?"

"நெஞ்சுலயே நிக்குதுன்னு ரெண்டு வருஷமா ஒரே புலம்பல் மேடம். ராத்திரியானா தலகாணியெல்லாம் சோறு. போற எடமெல்லாம் அல்சருன்னு மாத்திரை குடுத்தாங்க. அவரு நடிக்கிறாருன்னுதான் நான் நெனச்சேன்."

"நடிக்கல. நீங்க குடுத்த எலுமிச்சை சாதம் இன்னும் அவரு நெஞ்சுலதான் கெடக்கு. நீங்க கலந்த மருந்தோட!"

புஷ்பவல்லியின் முகம் வெளிறியது. மறுகணமே ஆத்திரம் பொங்கியது.

"பொய்! அதுல செத்திருந்தா காலைல எட்டு மணிக்கே வூட்டுல செத்துக் கெடந்திருக்கணுமே! மத்தியானம் தம்பி வூட்டுக்கு எப்படிப் போவாரு? அவ்ளோ கலந்தும்..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால், தாமதமாகிவிட்டது!

மூன்று நாள் எரிச்சலும் ஒரே மூச்சாக வெளியேற, வெற்றிச்செல்வி நிதானமாகத் தொப்பியைச் சரிசெய்தார்.

"தோப்புல பாதி போயிடுமேன்னு அவசரப்பட்டுட்டீங்க. சாதம் உள்ள போக எட்டு மணி நேரம் ஆச்சு... நீங்க உள்ள போக எட்டு நிமிஷம் போதும். ஜீப்புல ஏறுங்க!"