செத்த பாசியின் பிடி

காலையில் அமீர் ஜான் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சிங்கவரத்திலிருந்து ரீட்டா வந்து நின்றாள். அந்த ஊர்க் கிணற்று நீரில் ஈயம். அதை உறிஞ்சி எடுக்க அவள் மூன்று தொட்டிகளில் நுண்பாசி வளர்த்திருந்தாள். பாசி பிடித்த ஈயத்தைப் பத்து மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து அளந்தால், பக்கத்துப் பேட்டரிப் பட்டறை கழிவைச் சுத்தம் செய்யும்வரை மூடிக் கிடக்க வேண்டியதுதான். பார்த்துப் பார்த்து இன்றைக்குப் பாசி செத்துக் கிடந்தது.

அமீர் ஜானுக்குக் கை பரபரத்தது. ரசாயனக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த அவர் மனைவி பக்ருன்னிசா நிதானமாகச் செருப்பை மாட்டினார். ஊரில் துப்புத் துலக்குவது அவர், பெருமையடித்துக்கொள்வது கணவர்.

ஆட்டோவில் சிங்கவரம் போய்ப் பார்த்தால், குழாய் நீர் விழும் முதல் தொட்டி வெளுத்திருந்தது. அதிலிருந்து வழிந்து நிறையும் இரண்டாவது மஞ்சள். கடைசியில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. குழாய் வாயில் நீலக் கறை, இரண்டு சாக்கு நூல். பட்டறை முதலாளி ரங்கநாதன் பளபளக்கும் ஷூவோடு காரிலிருந்து இறங்கி வந்து, பாசியை நம்பிய கதியைப் பாருங்கள் என்று சிரித்தார். தொட்டிகளுக்குக் காவலிருந்த நெல் விவசாயி சேசுராஜ் தலை நிமிரவில்லை.

முதலாளிதான் என்று அமீர் ஜான் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். பக்ருன்னிசா தலையசைத்து மறுத்தார்.

"மயில்துத்தம் போட்டிருக்காங்க, பாசியக் கொல்ற நீல உப்பு. டவுன் ஆளுன்னா மூணு தொட்டியிலயும் கொட்டிட்டுப் போயிருப்பான். இத சாக்குல கட்டி, தண்ணி விழுற வாயில வச்சு, கொஞ்சம் கொஞ்சமா கரையவுட்டிருக்குது. நெல்லு வயல்ல பாசி ஒழிக்கிற கை இது. இன்னா சேசுராஜண்ணே?"

"எம்புள்ள பட்டறையிலதாம்மா வேல பாக்குறான். மூடிட்டா எங்க போவான்?"

அமீர் ஜானுக்கு மனசு கேட்கவில்லை. ரீட்டா இரங்கவில்லை.

"அந்த ஈயம் மொதல்ல உங்க புள்ளயத்தாண்ணே தின்னும்."

பாசியும் இல்லை, சாட்சியும் இல்லை என்று ரங்கநாதன் கிளம்பினார். ரீட்டா வெளுத்த பாசியை அள்ளி பாட்டிலில் அடைத்தாள்.

"வயல்ல பாசி செத்தா கத முடிஞ்சுது. இங்க முடியாது சார். உயிரோட புடிச்ச ஈயத்த இது செத்தும் வுடாது. வந்து அளக்கட்டும்."

சேசுராஜ் முதன்முறையாக நிமிர்ந்தார்.

"நான்தான் போட்டேன்னு நானே சொல்றேன். மயில்துத்தம் யாரு குடுத்தாங்கன்னும் சேத்தே சொல்றேன்."

ரங்கநாதன் சிரிப்பை மறந்து காரை நோக்கி விரைந்தார். காருக்குக் குறுக்கே அமீர் ஜானின் ஆட்டோ நின்றிருந்தது.

"இருங்க சார், பத்து மணி ஆவப் போவுது."