ஆவுடைக்காக ஓர் அழுகை

நிலாவின் தெற்குக் குடியிருப்பில் எல்லோரும் காலையில் எழுந்ததும் தலையை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுத்தான் பல் துலக்குவார்கள். காதுக்குப் பின்னால் மச்சம் போல ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் தலைச்சாளரம் அணையும். மூளையில் பதித்திருக்கும் அரிசி அளவுச் சில்லுக்கு அந்தப் பெயர். பேசுவதும், பொருள் வாங்குவதும், வீட்டுக் கதவைத் திறப்பதும் அதன் வழியாகத்தான். இரவெல்லாம் சேர்ந்த குப்பை கழிந்து அது மறுபடி விழிக்கும்வரை மனிதர்கள் படுக்கையில் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கச் சகிக்காது. நல்லவேளை, அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

சிவனணைந்தானும் அன்று அப்படித்தான் விழித்தார். காற்று நிலையத்தில் வடிகட்டி மாற்றுகிற வேலை அவருக்கு. மனைவி ஆவுடை இறந்து ஓராண்டு நிறையப்போகிறது. இதுவரை அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

பாசமில்லாத மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆவுடை இருந்தவரை அவள் கிண்ணத்தில் கை வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அவளும் திட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி அதிகம் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். இப்போது அவளுடைய கிண்ணத்தைப் பார்த்தால் நெஞ்சுக்குள் ஏதோ கிளம்பும். தொண்டைவரை வருவதற்குள் எங்கிருந்தோ சுடச்சுட அல்வா மணக்கும். இமை கனக்கும். கிளம்பியது அப்படியே அடங்கிவிடும். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டது மனுஷனின் மனசு.

அது மட்டும் என்றால் அவர் சும்மா இருந்திருப்பார். நிலாவில் சாவு விழுந்தால் பூமியில் இருக்கும் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டுவது வழக்கம். யார் எவ்வளவு அழுதார்கள் என்பதைத் தென்காசியில் மொத்தக் குடும்பமும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. ஆவுடையின் தங்கை கோமதி அதற்கப்புறம் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள்.

"எங்கக்கா உங்களுக்கு என்ன குறை வச்சா அத்தான்? கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே!"

அவருக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ஆவுடையை நான் நேசிக்கவே இல்லையோ? ஒரு மனுஷனுக்கு இதைவிடக் கேவலமான கேள்வி உண்டா?

தலைச்சாளரம் பழுது பார்க்கும் ஜெசிந்தாவின் கடைக்குப் போய் நின்றார். அவள் தூத்துக்குடிக்காரி. வாயில் கடலைமிட்டாய் இருந்தது.

"என்ன செய்யுது அண்ணாச்சி?"

"ஒண்ணுமே செய்யல தாயி. அதான் வியாதி. பொண்டாட்டி செத்ததுக்கு அழுகை வரமாட்டேங்குது."

ஜெசிந்தா மெல்லுவதை நிறுத்தினாள். அவரை நாற்காலியில் சாய்த்து, முதல் வேலையாக அவர் தலைக்கு வரும் வலை இணைப்பைத் துண்டித்தாள். பிறகு சாளரத்தைப் பாதுகாப்பு நிலையில் விழிக்க வைத்தாள். அந்த நிலையில் அத்தியாவசியமானவை மட்டுமே ஓட வேண்டும். ஓடுகின்றவற்றைச் சுவரில் விரித்துப் பார்த்தாள்.

"இது கண்ணு. இது காது. இது உங்க நிலையத்துக் கதவு. இதென்ன, 'அன்புத்துணை'ன்னு ஒண்ணு? பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வலையை அறுத்ததும் கிடந்து துடிக்குது பாருங்க. எங்கேயோ எதையோ அனுப்பணும்னு வழி தேடுது. ஒற்றுநிரல், அண்ணாச்சி. வேவு பாக்குது."

"என் தலையில வேவு பாக்க என்ன இருக்கு?"

"துக்கம் இருக்குல்லா? அது தலைதூக்கினதும் இது மோப்பம் பிடிச்சு, ஆறுதல் விக்கிற கடைக்காரனுக்குச் சொல்லும். அவன் ஒரு ஆறுதலை அனுப்புவான். வாசனையும் கிறக்கமுமா வரும். முதல்ல மாதிரிக்குன்னு இலவசமா குடுப்பான். பழகினப்புறம் துட்டு கேப்பான்."

"யாரு இதை உள்ள விட்டது?"

ஜெசிந்தா நிரலின் பிறந்த தேதியைப் பார்த்தாள். ஆவுடை இறந்த அன்று.

"அன்னைக்கு அக்கா படத்துக்கு மாலை கீலை போட்டீங்களா? சாளரத்துல இலவச மாலைன்னு வந்திருக்குமே. கீழ 'சம்மதம்'னு கேட்டிருக்கும்."

"எல்லாரும் போட்டாங்க. நானும் அழுத்தினேன்."

"என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சீங்களா?"

"எழவு வீட்ல உக்காந்து எவன் தாயி படிப்பான்?"

"கல்யாண வீட்லயும் படிக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் நிரலை நிறுத்தினாள். நிறுத்தினால் போதாது, தலை விழிக்கும்போதெல்லாம் தானே கிளம்பிவிடும். விழிப்புப் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்தாள். மூலைமுடுக்கில் ஒளிந்திருந்த நகல்களையும் தேடிப் பிடித்து அழித்தாள். தலையை அணைத்துப் போட்டு மறுபடி பார்த்தாள். ஒன்றும் துடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சிவனணைந்தான் அலமாரியைத் திறந்தார். கிண்ணம் இருந்தது. நெஞ்சுக்குள் கிளம்பியது. அல்வா மணக்கவில்லை. தொண்டைக்கு வந்தது. அம்மாடி, அது வந்த வேகம்! "ஆவுடை" என்று வாய்விட்டுக் கூப்பிட்டார். தரையில் உட்கார்ந்தார். நிலாவில் கண்ணீர் சீக்கிரம் விழாது. கன்னத்திலேயே நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு நின்று, பிறகு மெதுவாக இறங்கும். அப்படித் திரண்டதைத் தொட்டுப் பார்த்தார். வலித்தது. வலிக்கிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது. நான் அவளை நேசித்திருக்கிறேன், பொய்யில்லை என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது.

அவர் பாட்டுக்கு அழுதிருக்கலாம். ஆனால் கோமதி நினைவுக்கு வந்தாள். கல்லு மாதிரி என்றாளே, இப்போது பார்க்கட்டும். காய்வதற்குள் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நேரலையைத் திறந்தார். கண்ணீரைத் துல்லியமாகக் காட்ட ஒரு துணைநிரல் வேண்டும் என்றது சாளரம். இலவசம்தான். நீளமாக ஏதோ எழுதியிருந்தது. சம்மதம் என்று அழுத்தினார்.

தென்காசியில் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். கோமதி அவர் முகத்தைப் பார்த்ததும் உடைந்து போனாள்.

"அத்தான்! இப்பதான் என் மனசு ஆறுச்சு அத்தான். உங்களைப் போய்ப் பேசிட்டேனே!"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். மல்லிகைப்பூ மணத்தது. இமை கனத்தது. தொண்டையில் இருந்தது இறங்கி, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கிண்ணத்தைப் பார்த்தார். கிண்ணமாகத்தான் இருந்தது.

"அத்தான், பெரியப்பா இப்பதான் வந்தாக. அவுக பாக்கலியாம். இன்னொருக்கா அழுவீங்களா?" என்றாள் கோமதி.

"இரு, வாரேன்" என்றார் சிவனணைந்தான். எழுந்துபோய்க் குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டு வந்தார். வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக விழுகிறது என்று பார்த்து, அங்கே உட்கார்ந்தார்.