இரண்டு மண்சரிவுக்கு நடுவே ஒரு தாலி

எவர்சில்வர் டப்பாவைத் திறந்த நாகலெட்சுமி உள்ளே இருந்த மஞ்சள் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். கயிறு இருந்தது. அதில் கோத்திருந்த தங்கத் தாலி இல்லை.

"தம்பி" என்றார்.  இரண்டாம் முறை கூப்பிட்டபோது மடுவத்துத் தகரக் கூரையே அதிர்ந்தது.

பகல் ஒன்றரை மணி. உடப்புசல்லாவைக்குப் போன பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மண்சரிவு, பின்னால் ஒரு மண்சரிவு. பயணிகளில் பெரும்பாலானோர் டிரைவரோடு மலைக் குறுக்குப் பாதையில் ஏறிப் போய்விட்டார்கள். ஏற முடியாதவர்கள் மட்டும் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒதுங்கியிருந்தார்கள். சீர்ச் சாமான்களோடு மாப்பிள்ளையின் தாய் நாகலெட்சுமியும் அவர் தம்பி கணேசமூர்த்தியும். சேலை மூட்டைகளோடு புடவைக் கடை நிப்ராஸ். பஸ்ஸுக்குக் காவலாக கண்டக்டர் கிஷாந்த். வளைவு ரோட்டில் வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்திருந்த பிரேமினி. கொழும்பு கார்மென்ட்ஸிலிருந்து வீட்டுக்குப் போகிற பெண். ஆறாவது ஆள் பிரியந்தி. லீவில் போகிற பொலிஸ் சப்-இன்ஸ்பெக்டர் என்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் நாகலெட்சுமி பிரேமினியின் பையைப் பிடுங்கிச் சிமெந்துத் தரையில் கொட்டிவிட்டார். துணி, சீப்பு, பிஸ்கட் பக்கட். தாலி இல்லை.

"வேற எங்கயோ ஒளிச்சிட்டா" என்றார் கணேசமூர்த்தி. "பொண்ணு வீட்டுக்குச் சொல்லிர்றேன். இவ அவங்க தோட்டத்துப் புள்ளதானே." சிக்னல் கிடைக்கிற வளைவுக்கு அவர் போனதும் தெரிந்தது, சத்தமாகப் பேசியதும் கேட்டது.

பிரேமினி அழவில்லை. "நாளைக்கு விடிய பெரட்டுல பேர் குடுக்க எல்லாரும் கூடுவாங்க. எங்கம்மா அங்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பாங்க?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

அதற்குப் பிறகு பிரியந்தியால் சும்மா இருக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். கிஷாந்த் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"கடைசியா தாலிய எப்ப பாத்தீங்க?"

"இங்க வந்து ஒக்காந்ததும் மிஸ். கயிறு வெளுத்த மாதிரி இருந்திச்சி, இன்னுங் கொஞ்சம் மஞ்சள ஒரசித் தடவினேன். அந்த ஈரமே காயல. அப்புறந்தானே சரிவு பாக்க வளைவுக்குப் போனோம்."

"டப்பா?"

"பையில. பை பெஞ்சில. பக்கத்துல இவ தூங்கிக்கிட்டு இருந்தா. தூங்கினாளோ, நடிச்சாளோ."

"நிப்ராஸ் நானா?"

"வளைவுல ஒங்க பக்கத்துலதானே நின்னேன். மூட்டைய அவுத்துப் பாக்கிறதுன்னா பாருங்க. நாப்பது சாரி. ஆனா மடிச்சிக் கட்டித் தரணும்."

"கிஷாந்த்?"

"டிப்போ ஐயாவுக்கு போன்ல பேசிக்கிட்டு அங்கதான் நின்னேன் மிஸ். ஏச்சு வாங்கினது எல்லாருக்கும் கேட்டிருக்குமே."

கேட்டிருந்தது. வளைவிலிருந்து திரும்பி வந்த கணேசமூர்த்தியிடம் பிரியந்தி அதே கேள்வியைக் கேட்டாள்.

"நானும் அங்கதான். கொடை எடுக்க ஒரு தடவ வந்தேன். பைய நான் தொடவே இல்ல. அப்ப இவ கண்ணத் தொறந்து பாத்தா."

"எல்லாருமா திரும்பி வந்த பொறகு?"

"அக்காவோட சுண்ணாம்பு டப்பாவ வாங்கி, அட்டை ஏறாம நாங்க ஆம்பளைங்க மூணு பேரும் கால்ல பூசிக்கிட்டோம். தேயிலைக்குள்ள எறங்கி பீலியில தண்ணி புடிச்சிக்கிட்டு வந்தோம். வந்து பாத்தா இந்தக் கூத்து."

மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். சாரத்தை மடித்துக் கட்டியிருந்த கணேசமூர்த்தியின் கெண்டைக்காலில் சிவப்புத் தீற்றல்கள் தெரிந்தன.

"மாமாவுக்கு மட்டும் அட்டை விருந்து வச்சிருச்சி" என்றான் கிஷாந்த்.

"ஆமாடா. பிச்சிப் போட்டேன்."

பிரியந்தி டப்பாவிலிருந்த கயிற்றை எடுத்தாள். முடிச்சு அறுபடவில்லை, பொறுமையாக அவிழ்க்கப்பட்டிருந்தது. ஓடுகிற திருடன் கயிற்றோடு அள்ளிக்கொண்டு போவான். ஈரக் கயிற்றோடு மல்லுக்கட்டி, தங்கத்தை மட்டும் உருவிக்கொண்டு, கயிற்றை மறுபடி டப்பாவில் வைத்தவன் யார்?

"இந்தக் கயித்த எங்கயாவது சாமிக்கு வச்சி எடுத்தீங்களா?"

"நேத்து எங்க தோட்டத்து மாரியம்மன் காலடியில. தாலிய காலையிலதான் நகைக்கடையில வாங்கினோம்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் தம்பிக்கும்."

பிரியந்தி சுண்ணாம்பு டப்பாவைக் கேட்டு வாங்கினாள். "ஒங்க கையக் குடுங்க." மஞ்சள் உரசிய நாகலெட்சுமியின் உள்ளங்கை இன்னும் மஞ்சளாகவே இருந்தது. அதில் ஒரு விரல் சுண்ணாம்பை இழுத்தாள். இழுத்த இடம் எல்லோர் கண் முன்னாலும் சிவந்தது.

"ஆரத்தி" என்றார் நாகலெட்சுமி, தன்னையறியாமல்.

"ஆரத்திதான். மஞ்சளும் சுண்ணாம்பும். மூணு பேரு சுண்ணாம்பு பூசினாங்க. ரெண்டு பேரு கால்ல மழை அதக் கழுவிருச்சி. ஒருத்தரு கால்ல மட்டும் செவந்து நிக்கிது. அட்டை கடிச்ச ரத்தம் கோடா ஒழுகிக்கிட்டே இருக்கும், இந்த மழைக்குக் கரைஞ்சும் போகும். இது மஞ்சக் கயித்த அவுத்த கை, சுண்ணாம்போட விரல் விரலா இழுத்த தடம். கடிவாய் எங்கன்னு காட்டுங்க, கணேசமூர்த்தி அண்ணே."

அவர் காட்டவில்லை.  பிறகு இடுப்பு மடியை அவிழ்த்து, வெற்றிலையில் சுற்றிய தாலியை எடுத்து அக்காவின் முன் வைத்தார்.

"எம் மக பொறந்தன்னைக்கு தொட்டில்கிட்ட நின்னு, இவதான் என் மகன் தர்ஷனுக்குன்னு சொன்னது யாரு அக்கா? நாந்தானா சொன்னேன்?"

"அவனுக்குப் புடிச்சது வேற புள்ளடா. நான் என்ன செய்ய?"

"தாலி காணாமப் போனா சகுனம் சரியில்லன்னு நிறுத்துவாங்கன்னு நெனச்சேன். அம்மன் கயித்த எடுக்க பயமா இருந்திச்சி, விட்டுட்டேன். இந்தப் புள்ள மேல பழி விழும்னு சத்தியமா நெனைக்கல."

"விழுந்ததுக்குப் பொறகு போன் பண்ணினது நீங்கதானே?" என்றாள் பிரியந்தி.

அவர் சாரத்தை இறக்கிக் கெண்டைக்காலை மூடிக்கொண்டார்.

நாகலெட்சுமி பிரியந்தியைத் தனியாக அழைத்தார். "கேஸு வேணாம் மிஸ். தாய்மாமன் இல்லாத கல்யாணமா? பைக்குள்ளேயே எங்கயோ விழுந்து கெடந்திச்சின்னு சொல்லிருவோம். எல்லாருக்கும் நல்லது."

மடுவம் சின்னது. பிரேமினிக்குக் கேட்டுவிட்டது. துணிகளைப் பொறுக்கி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்புடிச் சொன்னா, பயத்துல நாந்தான் திருப்பி வச்சிட்டேன்னு பேசுவாங்க அம்மா. பேச மாட்டாங்கன்னு நீங்க சொல்லுங்க, நான் ஒத்துக்கிறேன்."

நாகலெட்சுமி திரும்பி நிப்ராஸைப் பார்த்தார். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற மனிதர் அப்போது மூட்டையின் கயிற்றைச் சரிபார்க்கத் தொடங்கினார். நாகலெட்சுமி பிரியந்தியைப் பார்த்தார்.

"கேஸு போடுறதும் போடாததும் ஒங்க இஷ்டம் அம்மா. இதுல நான் சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள் பிரியந்தி.

மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்துவிட்ட உறுமல் கேட்டது. ரோடு திறந்தால் ஒரு மணி நேரத்தில் கல்யாண வீடு. நாகலெட்சுமி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். கணேசமூர்த்தி மட்டும் பெஞ்சிலேயே இருந்தார்.

வளைவில் கிஷாந்த் போனைப் போட்டுக் கொடுத்தான்.

"சம்பந்தி, நான் தர்ஷன் அம்மா பேசுறேன். தாலி கெடைச்சிருச்சி." முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "எடுத்தது என் தம்பி. ஆமா, கூடப் பொறந்தவன்தான். அந்தப் புள்ள எடுக்கல. இத அங்க இருக்கிற எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க. நாளைக்கு பெரட்டுக்கு வந்து நானும் சொல்றேன்."

 எதிர்முனையில் யாரோ போனை வாங்குகிற சத்தம். நாகலெட்சுமி கேட்டார், தலையாட்டினார், போனைப் பிரேமினியிடம் நீட்டினார்.

"ஒங்கம்மா. பழியக் கேட்டதும் கொழுந்துக் கூடையோட அங்க ஓடி வந்துட்டாங்களாம்."

பிரேமினி போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, அதுவரை கல்லாக நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா" என்றாள். "இன்னும் ஒண்ணும் சாப்பிடல."