காணாமல் போன டொரினோ செட்

திங்கள்கிழமை காலை. எருமப்பட்டிச் சாலையில் இருந்த தன் மரச்சாமான் பட்டறையின் ஷட்டரைத் தூக்கிய வசந்தாமணி அப்படியே நின்றுவிட்டாள். மேஜைமேல் வைத்திருந்த டொரினோ செட்டைக் காணவில்லை. டிரில்லிங் மிஷின், கட்டிங் மிஷின், பேட்டரிகள் எல்லாம் பெட்டியோடு போயிருந்தன. பக்கத்தில் கெல்வார் செட் வைத்தது வைத்தபடி இருந்தது.

இரண்டும் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கடைக்காரர்கள் போன வாரம் கொடுத்துப் போனவை. வயர் இல்லாத மிஷின்கள். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் பொருந்தாது. இப்போது எதை எடுத்தாலும் பிறகு வாங்குவதெல்லாம் அதே கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும். வசந்தாமணிக்கு டொரினோ பிடித்திருந்தது. மேஸ்திரி தீனதயாளனோ கெல்வார்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

உதவி ஆய்வாளர் ரஞ்சிதா வந்து சேர்ந்தபோது பட்டறையே கூடி நின்றது.

"நேத்து சாவி உங்ககிட்டத்தானே இருந்துச்சு? டொரினோ வேண்டாம்னதும் நீங்கதானே? வேற யாருண்ணா எடுப்பாங்க?" வசந்தாமணியின் குரல் வாசல்வரை கேட்டது.

தீனதயாளன் வெளியே போய் மர அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

ரஞ்சிதா சுற்றிப் பார்த்தாள். பூட்டு உடையவில்லை. மேல் தட்டில் இருந்த, டிரில்லிங் மிஷினில் மாட்டும் பிட் பாக்கெட்டும் இல்லை. அதற்குக் கீழே ஸ்டூல் இழுத்துப் போடப்பட்டிருந்தது. மேஜையை ஒட்டிய சுவரில் டொரினோவின் சார்ஜர் மட்டும் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது.

"அவசரத்துல மறந்துட்டான் போலிருக்குது" என்றாள் வசந்தாமணி.

ஞாயிறன்று பட்டறைக்குள் வந்தவர்கள் மூன்றே பேர். திறந்துவிட்ட தீனதயாளன், பாலிஷ் போட வந்த ஆராயி, பீரோ கதவுகளை எடுத்துப்போக வந்த வேல்முருகன். வேல்முருகன் வீடு வீடாகப் போய் சாமான்களைப் பொருத்திக் கொடுப்பவன்.

முதலில் ஆராயி.

"பட்டறையை விட்டு எங்கயாவது போனீங்களா?"

"கை கழுவப் போனேனுங்க. அப்ப வேல்முருகன் பீரோ கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டிட்டிருந்தானுங்க."

"மேஸ்திரி?"

"டீக்கடைக்குப் போயிருந்தாருங்க."

அடுத்து வேல்முருகன்.

"உங்ககிட்ட என்ன மிஷின் இருக்குது?"

"நமக்கெல்லாம் வயர் மிஷின்தானுங்க மேடம்."

"இந்த ரெண்டுல எதை வாங்கலாம்?"

"டொரினோதானுங்க. அதை அடிச்சுக்க ஆளில்லை. மழைக்காலத்துல மட்டும் பேட்டரியோட பித்தளைப் பின்னுல பச்சைக் களிம்பு பூத்துடும். துடைச்சுப் போட்டாச் சரியாயிடுமுங்க."

ரஞ்சிதா வெளியே பார்த்தாள். சித்திரை வெயிலில் மரத்தூள் காய்ந்து பறந்தது.

"வேல்முருகன், அவசரத்துல எடுத்தவன் ஸ்டூல் போட்டு ஏறி பிட் பாக்கெட்டை எடுப்பானா? மேஸ்திரி வீம்புக்கு ஒளிச்சிருந்தா அவருக்குப் பிட் எதுக்கு? எடுத்தவன் வேலை செய்யத்தான் எடுத்திருக்கான். அப்படிப்பட்டவன் கண்ணெதிர்ல எரியற சார்ஜரை விட்டுட்டுப் போறான்னா, அவன்கிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்குது."

ரஞ்சிதா ஒரு எட்டு அவன் பக்கம் வந்தாள்.

"இந்த செட் வந்தே ஒரு வாரம்தான். தைக்கு அப்புறம் இந்தப் பக்கம் தூறல்கூட இல்ல. மழையில பச்சை பூக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேல்முருகன் தலைகுனிந்தான்.

"என்கிட்ட இருக்கற டொரினோவுல பேட்டரி அத்தனையும் செத்துப்போச்சுங்க மேடம். மிஷினும் சார்ஜரும் நல்லாத்தான் இருக்குது. பேட்டரி மட்டும் கேட்டா மிஷின் வெலை சொல்றாங்க. வேற கம்பெனிக்கு மாறவும் வழியில்லீங்க. ஆராயியக்கா கை கழுவப் போன நேரத்துல கதவுக்கு நடுவுல வெச்சு வண்டியில ஏத்திட்டேனுங்க."

பெட்டி அவன் வீட்டுக் கட்டிலடியில் இருந்தது. மதியத்துக்குள் ரஞ்சிதா அதைக் கொண்டுவந்துவிட்டாள்.

வசந்தாமணி மர அடுக்கருகே போய் நின்றாள். தீனதயாளன் எழவில்லை.

"அண்ணா, நீங்க சொன்ன கெல்வாரையே எடுத்துக்கலாமுங்க."

"வேண்டாமுங்க அம்மிணி. ஓட்டிப் பார்த்ததுல டொரினோதான் நல்லா வெட்டுது. சர்வீஸுக்கு ஆள் தூரம்னுதான் நான் வேண்டாம்னது. மிஷினை மாத்தி என்னைச் சமாதானம் பண்ணாதீங்க."

"அப்புறம் நான் என்னதான் பண்ணட்டும்?"

"எல்லாரு முன்னாலயும்தானே என்னைத் திருடன்னீங்க?"

வசந்தாமணி பட்டறைக்குள் திரும்பி, வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வரும்படி கூப்பிட்டாள்.