மறைமானியும் நாற்பத்து மூன்று பேரும்

அலுவலகக் கதவு பொற்கொடியின் பிடரியைத் தொட்டுப் பார்த்தது. "கோபம் ஆறு, சோர்வு பதினொன்று. உள்ளே போகலாம்" என்றது. 2074-ஆம் ஆண்டின் சிறுசேரியில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. பிடரியில் அரிசியளவு சில்லு இல்லாதவருக்கு ரேஷன்கூடக் கிடையாது.

அவளுடைய பயம் வேறு. அவளும் உடன் வேலை பார்க்கும் பொறியாளர்களும் செய்து முடித்திருந்த மறைமானி, நாற்பதடி தள்ளியிருந்தே அந்தச் சில்லைப் படித்து, மனத்தில் ஒளித்து வைத்திருப்பதை அப்படியே எழுதிக் காட்டிவிடும். அதைத் தெருவிளக்குதோறும் மாட்ட அரசு கேட்டிருந்தது. பொற்கொடியின் தம்பி செழியன் துறைமுகத்தில் மறியலுக்கு ஆள் சேர்க்கிறவன். வாயைத் திறக்கும் முன்பே அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால்தான் அவளையும் சேர்த்து நாற்பத்து மூன்று பொறியாளர்கள் கேண்டீனில் கூடி, ஒரு காகிதக் கடிதத்தில், பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். மறைமானியை அரசுக்கு விற்றால் கூண்டோடு வேலையை விடுவோம் என்று. கடிதத்தை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை.

மறுநாள் மேலாளர் சாரங்கபாணி போகிற போக்கில், "ஏதோ கடிதமாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான், எல்லாருக்கும் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது.

"எவனோ போட்டுக் கொடுத்துட்டான்," என்றான் கூட வேலை பார்க்கும் ஜோஸ்வா, எல்லாரும் சோதனைக்கூடத்தில் கூடியதும். "மறைமானியை ஓட விடுவோம். ரெண்டு நிமிஷத்துல கறுப்பு ஆடு யாருன்னு தெரிஞ்சுடும்."

"ஐயோ, அது வேண்டாம்னுதானே கையெழுத்தே போட்டோம்!" என்றாள் பொற்கொடி.

"ஊர் மேல விடக்கூடாதுன்னு போட்டோம். இது நமக்குள்ள." அவன் அவளையே பார்த்தான். "ஏன், உங்களுக்கு என்ன பயம்?"

நாற்பத்திரண்டு தலைகளும் திரும்பின. மறுத்தால் அவளே கறுப்பு ஆடு. முதல் ஆளாகத் திரையின் ஒப்புதல் கட்டத்தில் கட்டைவிரலை வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். அதன் கீழிருந்த தொண்ணூறு பக்க நிபந்தனைகளை யார் படித்தது?

திரை எழுதத் தொடங்கியது. சுபேர்: வேறு கம்பெனியில் நேர்காணல். ஜோஸ்வா: மனைவி பிரிந்து போய் நான்கு மாதம். பொற்கொடி: தம்பி, வியாழன் காலை, துறைமுகம், மூன்றாம் வாயில். காட்டிக்கொடுத்தவன் மட்டும் ஒருவனும் இல்லை.

சாரங்கபாணி கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "பிரமாதம்! எதிர்க்கிறவங்ககிட்ட இது வேலை செய்யுமான்னு அரசாங்கத்துல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீங்க கட்டைவிரல் வெச்ச நிபந்தனைப்படி சோதனை ஓட்டம் நேரலையா அங்கேயே போயிடுச்சு. இப்பதான் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு."

பொற்கொடி தம்பியை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

"யார் சார்... கடிதத்தைப் பத்தி யார் சொன்னது உங்ககிட்ட?"

"யாரும் சொல்லலைம்மா," என்றார் அவர், நிஜமாகவே வியந்து. "நாப்பத்து மூணு பேர் சேர்ந்தாப்ல டீ குடிச்சீங்க. கடிதமாத்தான் இருக்கும்னு சும்மா கேட்டுப் பார்த்தேன்."