டோனலுக்கு ஒரு துண்டு

ஹாலோவீன் அன்று சாயங்காலம் தெப்பமாக நனைந்து வீடு வந்து சேர்ந்தேன். மேயோ கடற்கரையில் அடிக்கிற மழைக்குக் குடையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு கையில் பிராக் ரொட்டி, மறு கையில் ஆப்பிளும் கொட்டைகளும். கல்யாணத்துக்குப் பிறகு எங்களுக்கு இது முதல் ஹாலோவீன். வாசலுக்கு வரும் முகமூடிப் பிள்ளைகளுக்குக் கொட்டையை அள்ளிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நோரீனும் நானும் கணப்பருகே ஒட்டி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

உள்ளே போனால், கணப்பருகே இருந்த ஒரே நல்ல நாற்காலியில் மெத்தையைத் தட்டிப் போட்டு, பக்கத்தில் ஒரு காலித் தட்டும் வைத்திருந்தாள்.

"அதுல உக்காராத. டோனலுக்கு."

டோனல் அவளுடைய முதல் புருஷன். மீன் பிடிக்கப் போனான். படகு மட்டும் திரும்பி வந்தது. செத்தவர்கள் வீட்டுக்கு வரும் இரவு இது, அவர்களுக்கு இடம் போடுவது வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வீட்டில் அவனுக்கு என்றைக்குத்தான் இடம் இல்லை? ஆணியில் அவன் கோட்டு, அலமாரியில் அவன் குவளை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வருஷம் பூரா அவன் வீடுதான். இன்னிக்கு நாற்காலியுமா? நான் எங்க உக்கார்றது, அவன் மடியிலயா?"

"ஒரு ராத்திரிதானே, ஃபெர்கல். ஸ்டூல் இருக்குல்ல?"

ஸ்டூலில் உட்கார்ந்தேன். முழங்கால் தாடையில் இடித்தது. முட்டைக்கோஸ் போட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கை வெண்ணெய் ஒழுகத் தட்டில் வைத்தாள். அது உள்ளே போனதும் கோபம் கொஞ்சம் தணிந்தது.

பிறகு பிராக்கை வெட்டினாள். திராட்சை போட்ட அந்த ரொட்டிக்குள் காகிதத்தில் சுற்றிய ஒரு பித்தளை மோதிரம் இருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம்.

"உனக்கு வந்தா என்ன பண்ணுவ?" என்று சீண்டினேன்.

"உன்னையே இன்னொரு தடவ கட்டிக்கறேன். தலையெழுத்து!"

எனக்கு ஒரு துண்டு, அவளுக்கு ஒரு துண்டு, டோனலின் தட்டில் ஒரு துண்டு. என்னுடையதில் மோதிரம் இல்லை. அவளுடையதிலும் இல்லை. மிச்ச ரொட்டியை முழுக்க உதிர்த்துப் பார்த்தேன், அதிலும் இல்லை.

அப்படியென்றால் அவனுக்கு. இதிலும் அவனுக்குத்தான்!

"விட்டுடு, ஃபெர்கல்." அவள் குரல் இறங்கியிருந்தது. "அந்தத் தட்டத் தொடாத."

கணப்பு திடீரென்று மங்கியது. ஈரக் கம்பளி நாற்றம் அடித்தது. என் கோட்டைப் பின்கட்டில் காயப்போட்டிருந்தேன். இந்த நாற்றத்தில் உப்பும் படகுத் தாரும் கலந்திருந்தன.

நான் துண்டைப் பிய்த்தேன்.

உள்ளே காகிதப் பொட்டலம். பிரித்தேன்.

பித்தளை இல்லை. தங்கம்.

உள்வளையத்தில் எங்கள் இருவர் பெயர். ஜூன் மாதம் தேவாலயத்தில் நான் அவளுக்குப் போட்ட மோதிரம்.

அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். விரலில் பித்தளை மோதிரம் இருந்தது, பல வருஷம் போட்டது போலச் சதைக்குள் இறங்கி. திருகினேன். அசையவில்லை. எச்சில் தொட்டுத் திருகினேன், அப்படியும் வரவில்லை.

"வலிக்குது. விடு."

உதடு வெளுத்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

நாற்காலி மெத்தை நடுவில் பள்ளமாக அமுங்கியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அவன ஒண்ணும் பண்ணிடாத, டோனல்," என்று அவள் கிசுகிசுத்தாள். "அவனே போயிடுவான்."

"நான் எங்கயும் போகல! இது என் வீடு, நோரீன்! நீ என் பொண்டாட்டி!"

எவ்வளவு கத்தியும் அவள் திரும்பவே இல்லை.

நாற்காலி தரையை உரசிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து, கணப்புக்கு அருகே இன்னொருவருக்கு இடம் விட்டது.

நோரீன் போய் அங்கே உட்கார்ந்தாள்.