வடிப்பான் இல்லாத வண்டி

வால்பாறைக்குப் போகும் மலைச்சுரங்கப்பாதையில் அன்று காலை சென்னியப்பனை முந்தாத வண்டியே இல்லை. பால் வண்டி முந்தியது. கோழி வண்டி முந்தியது. போகிற போக்கில் கோழிகள்கூடத் தன்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததாக அவனுக்குத் தோன்றியது.

அவன் ஓட்டுவதில் குறையில்லை. வண்டியில் வடிப்பான் இல்லை, அவ்வளவுதான். எஞ்சின் உறிஞ்சும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன். மிச்சமெல்லாம் பந்திக்கு மட்டும் வருகிற கூட்டம், எரிவதற்கு உதவாது. டர்போ உள்ள வண்டிக்கு விசிறி இருக்கிறது, காற்றைத் திணித்துக் கொடுக்கும். அது இல்லாத சாதாரண வண்டிகளுக்காக வந்ததுதான் வடிப்பான். ஏர் ஃபில்டர் இருக்குமிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சவ்வு. வேண்டாத காற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டு உயிர்வளியை உள்ளே அனுப்பும். நாற்பது குதிரைத்திறன் வண்டி தொண்ணூறு காட்டும். நான்கே ஆண்டில், டர்போ வண்டிக்காரர்கள்கூட விடாமல், ஊரே பொருத்திவிட்டது. சென்னியப்பனும் வருகிற திங்கட்கிழமைக்கு மெக்கானிக்கிடம் சொல்லிவைத்திருந்தான்.

அன்று அவன் தங்கை மகள் தன்விகாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், சீர்த்தட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு கிளம்பியிருந்தான். தங்கை மோகனப்பிரியாவும் அவள் கணவன் கவின்குமாரும் குழந்தையோடு முன்னால் போனார்கள். சுரங்கத்தின் நடுவே எங்கோ ஒரு லாரி அச்சு முறிந்து நின்றது. அதன் பின்னால் எல்லா வண்டிகளும் நின்றன. மாப்பிள்ளை வண்டிக்கு நான்கு வண்டி தள்ளிச் சென்னியப்பனின் வண்டியும் நின்றது.

ஏ.சி. வேண்டுமே, யாரும் எஞ்சினை அணைக்கவில்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கும். சென்னியப்பனின் எஞ்சின் இரண்டு முறை இருமியது, பிறகு நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினான். பிடித்தது, திணறியது, மறுபடியும் நின்றது.

கவின்குமார் இறங்கி நடந்து வந்தான். "ஏனுங் மச்சான், நிக்கற வண்டியவே நிறுத்தறதுக்கு உங்களாலதான் முடியும்ங்க" என்று சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் கொட்டாவி வந்தது. "என்னமோ தலைவேற வலிக்குது."

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவன் தொழில் கிணற்றுப் பம்பு பழுது பார்ப்பது. கிணற்றுக்குள் ஓடும் டீசல் எஞ்சின் காரணமில்லாமல் திணறி நின்றால், அந்தத் தொழிலில் இருப்பவன் ஸ்பேனரைத் தேட மாட்டான். கயிற்றைப் பிடித்து மேலே ஏறிவிடுவான்.

"மாப்ள, பாப்பா என்ன பண்றா?"

"நல்லாத் தூங்கறாங்க. அவங்கம்மாளுந்தான்."

சென்னியப்பன் பின்கதவைத் திறந்தான். சீர்த்தட்டிலிருந்து கற்பூரத்துக்காக வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசினான். மருந்து சீறியது, குச்சி பற்றவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"மாப்ள, காத்துல உசுரு இல்ல. வண்டிய அணைங்க. எல்லாத்தையும் அணைக்கச் சொல்லுங்க!"

"எங்க வண்டியெல்லாம் ஓடுதுங்களே மச்சான்?"

"அதுதானய்யா வினை! என் வண்டி நம்மளாட்டம் மூச்சு விடுது, நின்னு போச்சு. உங்க வண்டி இருக்கற கொஞ்சநஞ்சத்தையும் வடிச்சுக் குடிச்சிட்டு ஓடுது!"

சுரங்கத்தின் விசிறிகள் புகையைக் கண்டால்தான் சுழலும். வடிப்பான் வண்டிகளோ துளிப் புகை விடாமல் சுத்தமாக எரிப்பவை. அதனால் விசிறிகளும் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தன. சென்னியப்பன் சுவரிலிருந்த அவசரத் தொலைபேசியில் விசிறியைப் போடச் சொல்லிக் கத்தினான். பிறகு வண்டி வண்டியாக ஓடி, கண்ணாடியைத் தட்டி, நம்பாதவர்கள் மூக்குக்கு முன்னால் குச்சியை உரசிக் காட்டினான். நாலைந்து பேர் பார்த்ததும் செய்தி அவனை முந்திக்கொண்டு ஓடியது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒரு நிமிடம் கழித்து மேலே விசிறிகள் உறுமத் தொடங்கின.

முகத்தில் காற்று பட்டது. மோகனப்பிரியா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். குழந்தை எழவில்லை. சென்னியப்பன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டித் தட்டி நடந்தான். எத்தனை நடை என்று அவனுக்கே தெரியாது. திடீரென்று அவன் காதோரம் ஒரு வீறல். சுரங்கமே அதிர அழுதாள் தன்விகா. அழட்டும், நன்றாக அழட்டும் என்று அவனும் சேர்ந்து அழுதான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். போன உயிர் எல்லோருக்கும் திரும்பி வந்தது.

லாரியை இழுத்து ஓரங்கட்டினார்கள், முகூர்த்தம் தப்பவில்லை. காது குத்தி, கிடா விருந்து சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு நான்கு மணிக்குத் திரும்பினால், சுரங்க வாசலில் நூற்றுக்கும் மேல் வண்டிகள் நின்றன. கவின்குமாரின் வண்டியும் அங்கேதான் நின்றது. புது உத்தரவு: வடிப்பான் இல்லாத வண்டி ஒன்று முன்னால் போனால்தான் மற்றவை பின்னால் போகலாம். அப்படிப்பட்ட வண்டி மதியத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

"சார் வந்துட்டாருங்க!" என்று காவலர் தடுப்பைத் தூக்கினார். விசில் பறந்தது. திங்கட்கிழமை வேலையை ரத்து செய்ய மெக்கானிக்குக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, சென்னியப்பன் ராஜா மாதிரி உள்ளே போனான். முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம். பின்னால் பத்தாயிரம் குதிரைத்திறன் அடக்க ஒடுக்கமாக ஊர்ந்து வந்தது.

பாதி வழியில் விருந்து மயக்கத்தில் கிளட்சை மிதிக்காமல் பிரேக்கை மிதித்துவிட்டான். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

அடுத்த நொடி, பின்னால் அத்தனை எஞ்சின்களும் நின்றன. கதவுகள் திறந்தன. நூறு பேர் முகம் வெளுத்து இறங்கி, ஆளுக்கொரு தீக்குச்சியை உரசினார்கள். எல்லாம் பளிச்சென்று எரிந்தன.

"ஒண்ணுமில்லைங்க, கிளட்ச்சுங்க!" என்று சென்னியப்பன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

யாரும் வண்டியில் ஏறவில்லை. அவன் எஞ்சினைக் கிளப்பிய பிறகும், அது சீராக ஓடுகிறது என்று தங்கள் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை, கையில் எரியும் குச்சியோடு அப்படியே நின்றார்கள்.